நூர் மலையும் ஸவ்ர் மலையும்: பாலை மலையேற்றத்தில் பாதுகாப்பு

தோற்றுவாய்

பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றை நம் முன்னோர் வகுக்கவில்லை. மழை பொய்த்து வெயில் முதிர்ந்த காலத்தில் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது தமிழ் மரபு. அந்நிலத்து அருவழியைச் 'சுரம்' என்றனர். உடலில் ஏறும் காய்ச்சலையும் நாம் சுரம் என்றே வழங்குகிறோம். இரண்டும் வெவ்வேறு வேர்களில் பிறந்த சொற்கள். எனினும் சுரம் கடப்போர் உடலில் சுரம் ஏறும் என்பதை மொழியே நமக்கு நினைவூட்டுவது போல் அவை ஒலியால் ஒன்றி நிற்கின்றன.

17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், 'சுரத்திற் புனலழைத்த படலம்' என ஒரு படலத்திற்குப் பெயர் சூட்டினார். பாலையில் நீரின்றி வாடும் துயரத்தை நம் பாட்டனாரும் பூட்டனாரும் அந்நூலைப் படிக்கக் கேட்டே அறிந்தனர். இன்றோ நிலை வேறு. சென்னையில் விமானம் ஏறியவர் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கி, மறுநாளே மக்காவின் பாறை மலைகளை நிமிர்ந்து பார்க்கின்றார். கேள்வியால் மட்டுமே அறிந்த பாலையைக் காலால் அளக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. அவ்வாய்ப்புக்கு ஏற்ற ஆயத்தம் நம்மிடம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இரு மலைகள்

மக்காவுக்குச் செல்வோர் ஏற விரும்பும் மலைகள் இரண்டு. ஒன்று நகரின் வடகிழக்கில் உள்ள ஜபலுந் நூர் எனப்படும் நூர் மலை. கி.பி. 610ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ அருளப்பெற்ற ஹிரா குகை இம்மலையில்தான் உள்ளது. மற்றொன்று நகரின் தெற்கே உள்ள ஸவ்ர் மலை. கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின்போது நபிகளாரும் ஹள்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் தங்கிய குகை அங்கே உள்ளது. திருமறையின் ஒன்பதாம் அத்தியாயமாகிய சூரத்துத் தவ்பாவின் 40ஆம் வசனம் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றது.

கஃபா அமைந்துள்ள தாழ்நிலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. நூர் மலையின் உச்சி ஏறத்தாழ 640 மீட்டர். ஸவ்ர் மலையின் உச்சி ஏறத்தாழ 750 மீட்டர். நம் நீலகிரியோடும் கொடைக்கானலோடும் ஒப்பிட்டு, இவை சிறு குன்றுகள்தாமே என எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணமே முதற்பிழை. நம் மலைகளில் உயர உயரக் குளிர்ச்சி, வழிநெடுக மரநிழல், ஆங்காங்கே சுனை. இம்மலைகளிலோ நிழல் தரும் மரமும் இல்லை, ஊற்றும் இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, மாலையிலும் அனலை உமிழ்ந்து கொண்டிருக்கும்.

நடுத்தர வலிமை உடையவர் நூர் மலை ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமும், ஸவ்ர் மலை ஏற ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரமும் ஆகும். நூர் மலையில் பெரும்பகுதி படிகள் உள்ளன. ஆயினும் அவை ஒரே அளவினவல்ல. ஹிரா குகை உச்சியிலும் இல்லை. உச்சியை அடைந்து, மறுபுறம் சிறிது இறங்கிப் பாறைகளின் இடுக்கில் உடலை ஒடுக்கிச் செல்ல வேண்டும். குகையோ ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமுமே உடையது. அக்குறுகிய வாயிலில் முண்டியடிப்பது, வெயிலுக்கு இணையான மற்றோர் ஆபத்து என்பதை மறத்தலாகாது.

கடமையன்று, ஆர்வமே

யாவற்றுக்கும் முன் தெளிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்விரு மலைகளில் ஏறுவது ஹஜ்ஜின் கடமையுமன்று, உம்ராவின் பகுதியுமன்று. ஏறாதவருடைய ஹஜ்ஜில் எக்குறையும் இல்லை. வரலாற்று நினைவும் நபிகளார்மீது கொண்ட அன்புமே நம்மை அங்கே ஈர்க்கின்றன. அவ்வன்பு போற்றத்தக்கது. ஆனால், கடமை அல்லாத ஒன்றுக்காக, கடமையான உயிர்க்காப்பைக் கைவிடுவது முறையாகாது.

இதனை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாழ்நாளெல்லாம் சேமித்து அறுபது, எழுபது அகவையில் புனிதப் பயணம் மேற்கொள்ளும் நம் பெரியோர், "மறுபடி வர முடியுமோ, முடியாதோ" என்னும் ஏக்கத்தோடு மலையடியில் நிற்கின்றனர். உடன் வந்தோர் ஏறத் தொடங்கினால் தாமும் ஏறுகின்றனர். முழங்கால் நோவையும் மூச்சிரைப்பையும் மறைத்துக் கொள்கின்றனர். "அத்தா, நீங்கள் இங்கேயே இருங்கள்" என்று சொல்ல மகனுக்கு மனம் வருவதில்லை. அவ்வாறு சொல்வது மரியாதைக் குறைவு என அவன் நினைக்கின்றான். உண்மையில் அத்தருணத்தில் அதுவே மரியாதை, அதுவே பணிவிடை.

ஹிஜ்ரத் கற்பிக்கும் ஆயத்தம்

"அல்லாஹ்வின் காவல் இருக்கும்போது ஆயத்தம் எதற்கு?" என வினவுவோர் உளர். ஸவ்ர் குகையின் வரலாறே அவர்களுக்குரிய விடையாகும்.

ஹிஜ்ரத்துக்கு முன், ஹள்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் தீனியிட்டு ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, இருவரும் முதலில் தெற்கே உள்ள மலையை நாடினர். அபூபக்ரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) பகலில் நகரில் இருந்து, குறைஷியரின் பேச்சைக் கேட்டு, இரவில் குகைக்கு வந்து செய்தி சொன்னார். ஆமிர் இப்னு புஹைரா (ரலி) ஆடுகளை அவ்வழியே ஓட்டி வந்து பால் அளித்தார். மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், கட்டுவதற்குக் கயிறு இல்லாதபோது தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டுச்சோற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். வழிகாட்டியாக அமர்த்தப்பெற்ற அப்துல்லாஹ் இப்னு உரைகித் அந்நாளில் இஸ்லாத்தைத் தழுவாதவர். ஆயினும் பாலைவழிகளை நன்கறிந்தவர் என்பதனால் அவரையே நம்பி ஒட்டகங்களை ஒப்படைத்தனர். மூன்று இரவுகள் பொறுத்திருந்து, தேடுவோரின் வேகம் தணிந்த பின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர்.

ஊர்தி, உணவு, செய்தி, வழியறிந்தவர், காலம் பார்த்தல், பொறுமை ஆகிய ஆறும் அப்பயணத்தில் அமைந்திருந்தன. இவ்வளவும் செய்த பிறகே, பகைவர் குகைவாயிலை நெருங்கிய வேளையில் நபிகளார் இறைவன்மீது முழு நம்பிக்கை வைத்து அமைதியாக இருந்தார்கள். ஹிரா குகைக்குச் சென்ற காலத்திலும், பல இரவுகளுக்கு வேண்டிய உணவை உடன் கொண்டு செல்வதும், அது தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துச் செல்வதும் நபிகளாரின் வழக்கமாக இருந்தன. ஆயத்தத்தின் முடிவில் நிற்பதே தவக்குல். ஆயத்தத்திற்கு மாற்றாக வருவதன்று. மலையேறுவோர் பின்பற்ற வேண்டிய சுன்னத்தும் இதுவேயாகும்.

வெப்பம் உடலைத் தாக்கும் வகை

நம் உடலின் இயல்பான உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். தசைகள் உழைக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. மலையேற்றத்தில் அது பன்மடங்கு பெருகும். இவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு அமைந்த தலையாய வழி வியர்வையாகும். ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை அது உடலிலிருந்து நீக்குகின்றது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை விஞ்சிவிட்டால், காற்றே உடலைச் சூடேற்றத் தொடங்கும். அந்நிலையில் வியர்வையைத் தவிர வேறு காப்பு இல்லை.

தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு இங்கே ஒரு மயக்கம் நேர்கின்றது. நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனையும். அது கண்டு நீர் பருகுவோம். வறண்ட பாலைக் காற்றில் வியர்வை தோன்றிய உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாது. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் நீரை இழந்து கொண்டிருக்கக் கூடும். தாகமோ சற்றுக் காலம் தாழ்த்தியே தோன்றும். முதியோர்க்குத் தாக உணர்வு இன்னும் மந்தமாகும்.

கதிரவனின் நிலையும் கருதத்தக்கது. ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டி, நண்பகலில் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்நேரத்து நிழலைக் கொண்டு உலகெங்கும் கிப்லாவின் திசையைச் சரிபார்ப்பர் என்பதை நாம் அறிவோம். அதன் மறுபொருள், அந்நாள்களை ஒட்டிய நண்பகலில் மக்காவின் மலைச்சரிவில் ஒதுங்குவதற்கு நிழலே கிடைப்பதரிது என்பதாகும்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஜூன் 17 அன்று புனிதப் பள்ளிவாசலில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸை எட்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தனர் எனச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் அவ்வறிக்கை கூறியது. இவை மலையேற்றத்தால் நேர்ந்த இறப்புகள் அல்ல. சமநிலத்தில் நடந்தோர்க்கே இந்நிலை எனின், அதே வெயிலில் செங்குத்தாக ஏறுவோர் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புறப்படும் முன்

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாள் குறைவானதால் ஹஜ்ஜின் பருவம் மாறிக்கொண்டே வரும். எனினும் உம்ராவுக்குச் செல்வோர் தாமே காலத்தைத் தேர்ந்து கொள்ளலாம். மலையேற விரும்புவோர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர்காலத்தைத் தேர்வது நலம். அப்பருவத்தில் மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மக்கா மலைகளால் சூழப்பெற்ற பள்ளத்தாக்கு நகரம். பாறை நீரை உறிஞ்சாது. சிறிது நேரம் பெய்யும் பெருமழையும் காட்டாறாய்ப் பாயும். 1941ஆம் ஆண்டு வெள்ளத்தில் கஃபாவைச் சுற்றி நீர் தேங்கி, மக்கள் நீந்தி வலம் வந்தது வரலாறு. வானம் கறுத்தாலோ இடி முழங்கினாலோ மலைப்பக்கம் செல்லலாகாது.

வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆதலின் மக்காவை அடைந்த முதல் நாள்களில் ஏறாது, கடமைகளை நிறைவேற்றி, உறங்கி இளைப்பாறிய பின்னர் ஏறுதல் வேண்டும். ஊரில் இருக்கும்போதே ஒரு திங்களுக்கு முன்பிருந்து நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தும், மாடிப்படிகள் ஏறி இறங்கியும் கால்களைப் பழக்குதல் நன்று. இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, மூச்சிரைப்பு உடையோர் மருத்துவரின் ஒப்புதலின்றி ஏறலாகாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர் உடலில் நீர் விரைந்து குறையும் என்பதையும், இன்சுலின் மருந்து வெயிலில் கெடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இஹ்ராம் உடையில் மலையேறுதல் ஏற்றதன்று. ஆண்கள் அந்நிலையில் தொப்பி அணியவோ கணுக்காலை மூடும் காலணி அணியவோ இயலாது. உம்ராவை முடித்து, தளர்வான வெளிர்நிறப் பருத்தி உடையும், தொப்பியும், அடிப்பகுதி வழுக்காத காலணியும் அணிந்தே செல்ல வேண்டும். அறையில் அணியும் ரப்பர் செருப்பு சரளைக்கல்லில் வழுக்கும். குடை சமவழிக்கு உதவும். செங்குத்தான இடத்தில் இரு கைகளும் வேண்டியிருத்தலால் அதனை மடக்கி வைத்தல் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் என்பது குளிர்ந்த காலை நேரத்துக்குரிய எளிய கணக்கு. ஸவ்ர் மலைக்கு ஏற இரண்டு மணி, தங்க அரை மணி, இறங்க ஒன்றரை மணி என நான்கு மணி நேரம் கொண்டால் மூன்று லிட்டர் ஆகும். எதிர்பாராத் தாமதத்துக்கு மேலும் ஒரு லிட்டர் வேண்டும். நான்கு லிட்டரின் எடை நான்கு கிலோ. அவ்வெடையைச் சுமக்க இயலாதவர் அம்மலையையும் ஏற இயலாதவர் என்று கொள்வதே அறிவுடைமை. கொண்டு சென்ற நீரில் மூன்றில் ஒரு பங்கு ஏறுவதற்கு. ஒரு பங்கு இறங்குவதற்கு. ஒரு பங்கு இடுக்கண் காலத்துக்கு. உச்சியை அடையுமுன் முதற்பங்கு தீர்ந்துவிட்டால், அந்த இடமே திரும்பும் இடமாகும்.

வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் உண்டாகும். வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டும், சில பேரீச்சம்பழங்களும் பையில் இருத்தல் நலம். குடிப்பதற்கே நீர் குறைவாக உள்ள நிலையில் அதனை உளூவுக்குச் செலவிடாது தயம்மும் செய்துகொள்ள மார்க்கம் அனுமதி அளித்துள்ளது. தாகத்துக்குரிய நீரைக் காப்பதில் ஷரீஅத் காட்டும் இந்த அக்கறை நம் சிந்தனைக்குரியது.

ஏறுதலும் இறங்குதலும்

சுபுஹுத் தொழுகையை முடித்து, ஒளி பரவத் தொடங்கும் வேளையில் ஏறத் தொடங்கி, வெயில் கடுமை பெறுமுன் அடிவாரத்துக்குத் திரும்பிவிடுதல் சிறந்தது. தனியே செல்லலாகாது. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அறையில் இருப்போரிடமோ குழுத்தலைவரிடமோ சொல்லிச் செல்ல வேண்டும். கைப்பேசியில் மின்னூட்டம் நிறைந்திருத்தல் வேண்டும். மக்கா வட்டாரத்தில் அவசர உதவிக்கு 911, செம்பிறைச் சங்கத்தின் மருத்துவ ஊர்திக்கு 997 ஆகிய எண்களைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாதல் வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடிகின்றதா என்பதே அளவுகோல். சொற்றொடரை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று, சிறிது சிறிதாக நீர் பருக வேண்டும். புதுவழி தேடிப் பாறைகளில் தாவுதல் இளைஞர் செய்யும் பிழை. பலர் சென்று பழகிய வழியை விட்டு விலகாதிருத்தலே பாதுகாப்பு.

உச்சியை அடைந்ததும் பயணம் முடிந்ததெனப் பலர் கருதுகின்றனர். பாதியே முடிந்தது என்பதுதான் உண்மை. களைத்த தொடைத் தசைகளும் நோகும் முழங்கால்களும் இறக்கத்தில்தான் தடுமாறும். வெயிலும் அப்போதுதான் ஏறியிருக்கும். சிறு அடிகளாக, பாதம் முழுதும் பதிய, கைத்தடி ஊன்றிப் பொறுமையாக இறங்குதல் வேண்டும்.

நோய்க்குறிகளும் முதலுதவியும்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு ஆகியன வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். இவை தோன்றியவுடன் நின்று, பாறையின் நிழலில் அமர்ந்து, உப்பு-சர்க்கரைக் கரைசல் பருகி, தெளிந்த பின் இறங்கிவிட வேண்டும். மேலே ஏறுதல் கூடாது.

உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, இடமும் ஆளும் தெரியாது உளறினாலோ மயங்கி விழுந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்த நிலை இது. ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலையாகும். உதவிக்கு அழைத்துவிட்டு, வெளியாடைகளைத் தளர்த்தி, இருக்கும் நீரையெல்லாம் உடலில் தெளித்து இடைவிடாது விசிற வேண்டும். பனிக்கட்டியோ குளிர்நீர்ப் புட்டியோ கிடைப்பின் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் சென்று உயிரைப் போக்கும். ஸம்ஸம் நீராயினும் இவ்விதி பொருந்தும்.

திரும்பும் துணிவு

மலையேற்றத்தில் மிகக் கடினமான அடி, உச்சியை நோக்கி வைக்கும் இறுதி அடியன்று. உச்சி கண்ணுக்குத் தெரியும் நிலையில், உடல் ஒவ்வாததை உணர்ந்து கீழ்நோக்கித் திருப்பி வைக்கும் முதல் அடியே அது. அதற்கு உடல்வலிமையினும் உள்ளவலிமை மிகுதியாக வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்னும் எண்ணம் காலைப் பற்றி இழுக்கும். ஆதலின் திரும்ப வேண்டிய நேரத்தை அடிவாரத்திலேயே, குளிர்ந்த மனத்தோடு முடிவு செய்து, அந்நேரம் வந்ததும் எங்கிருப்பினும் திரும்புதல் வேண்டும்.

ஏற இயலாதோர் ஏங்க வேண்டுவதில்லை. நூர் மலையின் அடிவாரத்தில் 2023ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹிரா பண்பாட்டு வளாகத்தில் வஹீயின் வரலாற்றை விளக்கும் கண்காட்சி அமைந்துள்ளது. அங்கே நின்று மலையை நோக்கி, அதன் உச்சியில் ஒலித்த முதற்கட்டளை ஓதுமாறு பணித்ததே என நினைந்து நெகிழ்வதற்கு முழங்காலின் வலிமை தேவையில்லை.

நிறைவுரை

இக்கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் அத்தாவும் அம்மாவும், நன்னாவும் நன்னியும் புனிதப் பயணத்துக்கு ஆயத்தமாகும் நாளில், பெட்டியில் துணிமணிகளை அடுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களோடு அமர்ந்து இச்செய்திகளைப் படித்துக் காட்டுங்கள். மாலையில் அவர்களோடு நடந்து கால்களைப் பழக்குங்கள். மலையடியில் நின்று, "போதும், திரும்புவோம்" எனச் சொல்லும் உரிமையை ஊரிலேயே அவர்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஸவ்ர் குகையில் தங்கிய இருவரும் ஒரு நாளில் ஓடிக் கடக்க முனையவில்லை. மூன்று இரவுகள் பொறுத்திருந்தார்கள், பிறகே புறப்பட்டார்கள், நலமுடன் மதீனாவை அடைந்தார்கள். அப்பொறுமையும் ஆயத்தமும் நம் பயணங்களிலும் அமைய வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.